அம்மா கேட்ட பாதிக் கதை: எங்க ஊர்க் குளிர்காலத்தின் சின்ன வரலாறு

போன வாரம் சென்னையில இருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். "மழையும் குளிருமா இருக்கு. போர்வையைப் போத்திக்கிட்டு ஒரு புத்தகம், ராத்திரிக்கு ஒரு படம், கூடவே சூடா பஜ்ஜி. இதைவிட வேற என்ன வேணும்? அந்தக் காலத்துல உங்க ஊர்ல குளிர்காலத்தை எப்படிக் கழிப்பீங்க, அதை எழுதுங்களேன்"னு கேட்டார்.

நானும் உற்சாகமா சொல்ல ஆரம்பிச்சேன். திண்ணையில தாத்தா கதை படிச்சது, அப்பா ரேடியோ கேட்டது, நாங்க டென்ட் கொட்டகைக்குப் போனது. சொல்லி முடிச்சு போனை வெச்ச பிறகு, பக்கத்துல உட்கார்ந்து அவரைக்காய் நார் உரிச்சுக்கிட்டிருந்த அம்மாவைக் கேட்டேன். "நீ சின்ன வயசுல குளிர்காலத்துல என்னம்மா பண்ணுவ?"

"குளிர்காலத்துலயா? அடுப்பு எரியாது"ன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். மறுபடி அவரைக்காயைக் கையில எடுத்துக்கிச்சு.

நான் சொன்னது முக்கால்வாசி ஆம்பளைங்க கதைன்னு அப்பதான் உறைச்சது. அதனால இந்தக் கட்டுரையை அம்மா பக்கத்துல இருந்து எழுதிப் பார்க்கிறேன்.

எங்க ஊரு மணவூர். சென்னையில இருந்து அரக்கோணம் போற லோக்கல் ரயில்ல வந்தா கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம் தாண்டினதும் எங்க ஸ்டேஷன். அடுத்தது திருவாலங்காடு. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடினதுதான் தென்னிந்தியாவோட முதல் ரயில். அந்தப் பாதை எங்க பக்கமாத்தான் போகுது. வடமேற்கால போனா திருத்தணி மலை. அதுக்கு அந்தாண்ட ஆந்திரா. திருத்தணியே 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துலதான் இருந்துச்சு. அதனால எங்க பக்கம் பாதி வீட்டுல தமிழ், பாதி வீட்டுல தெலுங்கு. நாங்க கேழ்வரகுக் களின்னு சொல்றதை அவங்க சங்கடின்னு சொல்வாங்க. தட்டுல விழுந்தா ரெண்டும் ஒண்ணுதான்.

இங்க வருஷம் பூரா தண்ணி ஓடுற ஆறு கிடையாது. ஏரியும் கிணறும்தான் எங்களுக்கு. ஐப்பசி கார்த்திகை மழையில ஏரி ரொம்பணும். மார்கழியில சம்பா கதிர் வாங்கி நிக்கும். நடவு, களை எல்லாம் முடிஞ்சிருக்கும். அறுப்புக்குத் தை பொறக்கணும். வருஷத்துலயே விவசாயிக்குக் கொஞ்சம் கையைக் கட்டி உட்கார நேரம் கிடைக்கிறது இந்த மாசம்தான். அந்த நேரம் யாருக்குக் கிடைச்சுதுங்கிறதுதான் கேள்வி.

பழைய காலத்துல பெரும்பொழுதை ஆறாப் பிரிச்சிருக்காங்க. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. சங்க இலக்கியத்துல நக்கீரர் பாடின நெடுநல்வாடைன்னு ஒரு பாட்டு இருக்கு. பத்துப்பாட்டுல ஒண்ணு. உ.வே.சாமிநாதையர் ஓலைச்சுவடி தேடி எடுத்து 1889ல பத்துப்பாட்டை அச்சுல கொண்டாந்தார். நான் உரையோடதான் படிச்சேன், மூலம் நமக்கு அவ்வளவு ஓடாது. ஆனா படிச்சதும் அசந்துட்டேன். நம்ம ஊர்க் குளிர்காலம் அப்படியே இருக்கு.

வெள்ளம் வந்ததால மாட்டை மேட்டு நிலத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போன இடையருங்க நெருப்புல கை காய்ச்சுறாங்க. மாடு மேய்ச்சலை மறந்து நிக்குது. வானம் மூடிக் கிடக்கிறதால பொழுது எப்ப சாயுதுன்னு தெரியல. பறிச்சு வெச்ச மொட்டு விரியுறதைப் பார்த்துத்தான் சாயங்காலம் ஆச்சுன்னு தெரிஞ்சு பொண்ணுங்க விளக்கு ஏத்துறாங்க. விசிறியைச் சுருக்கி மாட்டி வெச்சுட்டாங்க. ஜன்னல் கதவைச் சாத்திட்டாங்க. குளிர்ந்த தண்ணியைத் தொடாம எல்லாரும் நெருப்புச் சட்டி பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. தெருவுல சில பேர் மட்டும் கள்ளைக் குடிச்சிட்டுத் தூறலைப் பத்திக் கவலையில்லாமச் சுத்துறாங்க. இதைப் படிச்சப்ப எங்க தெருவுல ரெண்டு பேர் ஞாபகம் வந்துச்சு, பேர் வேணாம்.

அதே பாட்டுல குளிருக்குப் பூசிக்க வாசனைச் சாந்து அரைக்கிற வேலைக்காரங்களையும் நக்கீரர் விடாம சொல்லியிருக்கார். வீட்டுக்குள்ள ஒருத்தர் கதகதப்பா உட்காரணும்னா இன்னொருத்தர் எழுந்து அரைக்கணும், எரிக்கணும், ஏத்தணும். அவ்வளவு காலத்துக்கு முன்னாடியே அது அப்படித்தான்.

அம்மா சொன்ன "அடுப்பு எரியாது"க்கு வர்றேன். அப்போ எங்க வீடு மண் சுவர், பனை ஓலைக் கூரை. அடுப்புக்கு வரட்டியும் வேலிக்காத்தான் முள்ளும்தான். மழையில ரெண்டும் நனைஞ்சிடும். ஊதுகுழலை வெச்சு ஊதி ஊதிக் கண்ணு ரெண்டும் சிவந்துடும். விடியக்காலையில நாலு மணிக்கு எழுந்து, பனியில வாசல் பெருக்கி, சாணி தெளிச்சு, மார்கழின்னா பெருசா கோலம் போட்டு, சாணி உருண்டையில பரங்கிப்பூ செருகி வைக்கணும். அப்புறம் எந்திரக்கல்லுல கேழ்வரகு அரைக்கணும். ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக் களிக்கு மாவு அரைக்கவே தோள்பட்டை கழண்டுடும்னு சொல்லும்.

அந்தக் களிதான் எங்க ஊர்க் குளிருக்குச் சாப்பாடு. நொய்யை முதல்ல குழைய வேகவிட்டு, அது மேல கேழ்வரகு மாவைக் குவியலா கொட்டி, கிளறாம மூடி வைக்கணும். மாவு உள்ள வெந்ததும் பானையைக் கீழ எறக்கி, ரெண்டு காலால அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு களிக்கட்டையால கிளறணும். கட்டி விழக்கூடாது. கைக்கு எண்ணெயோ தண்ணியோ தொட்டுக்கிட்டு சூட்டோட உருண்டை பிடிக்கணும். மார்கழி தையில பச்சை மொச்சை வரும். மொச்சையும் கத்திரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பை ஊத்தி, களியை மெல்லாம முழுங்கினா வயித்துக்குள்ள கணப்பு மூட்டின மாதிரி இருக்கும். 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்ச பிறகு நகரத்து ஓட்டல்லயும் களி கிடைக்குது. நல்லதுதான். ஆனா களியைக் கிளறினவங்க கைக்கு அது என்னவா இருந்துச்சுன்னு எந்த மெனு கார்டுலயும் போடுறதில்ல.

இனி புத்தகம். எங்க தாத்தாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். வீட்டுல ரெண்டு மூணு பெரிய எழுத்துப் புத்தகம் இருந்துச்சு. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை. சென்னையில பி. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ், ஆர்.ஜி. பதி கம்பெனி மாதிரி கடைங்க இதையெல்லாம் அச்சுப் போட்டு வித்தாங்க. அதிகம் படிக்காதவங்களும் விளக்கு வெளிச்சத்துல எழுத்துக் கூட்டிடலாம், எழுத்து அவ்வளவு பெருசு. ஒருத்தர் படிக்க ஊரே கேக்கும்.

மார்கழி ராத்திரியில தாத்தா திண்ணையில அரிக்கேன் விளக்கை வெச்சுக்கிட்டு ராகம் போட்டுப் படிப்பார். ஆம்பளைங்க திண்ணையில. காலனியில இருந்து வயலுக்கு வேலைக்கு வர்றவங்க வாசல்ல வைக்கோல் நெருப்புகிட்ட நின்னபடி கேப்பாங்க. அவங்களைத் திண்ணையில ஏத்தினதில்ல. அதை மறைச்சிட்டு எழுதினா இது வரலாறு ஆகாது. பொம்பளைங்க கதவுக்கு உள்பக்கம்.

அம்மா இந்த வீட்டுக்கு மருமகளா வந்த புதுசுல அல்லி கதையை அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னுதான் கேட்டுச்சு. அல்லி மதுரையை ஆளுற ராணி. ஆம்பளை வாசனையே ஆகாதவ. பொம்பளைங்களையே சுத்தி வெச்சுக்கிட்டு நாட்டை ஆளுறவ. அதுவரைக்கும் கேக்கும். அர்ச்சுனன் வர்ற நேரத்துல சரியா, "சோறு வை"ன்னு ஒரு குரல் வரும். அம்மா அடுப்படிக்குப் போயிடும். அங்க போயிட்டா கதை காதுல விழாது. எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மாட்டுக்கு வைக்கோல் போட்டு வந்து பார்த்தா விளக்கு அணைஞ்சிருக்கும். அடுத்த வருஷமும் அப்படித்தான். அதனால அம்மாவுக்குத் தெரிஞ்ச அல்லி கதையில கல்யாணமே கிடையாது. அல்லி பாட்டுக்கு மதுரையை ஆண்டுக்கிட்டே இருந்தா.

அப்புறம் ரேடியோ வந்துச்சு. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16ல ஆரம்பிச்சது. எங்க பக்கத்துக் கிராமங்களுக்கு அது பஞ்சாயத்து ரேடியோவாத்தான் வந்து சேர்ந்தது. கம்பத்துல கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிச் சாயங்காலம் வெப்பாங்க. மாநிலச் செய்தி, விவசாய நிகழ்ச்சி, நாடகம், பாட்டு. "உனக்கு ரொம்ப பிடிச்சது எதும்மா?"ன்னு கேட்டா, சினிமாவைச் சொல்லாது, டிவியைச் சொல்லாது, ரேடியோன்னுதான் சொல்லும். ஏன்னு கேட்டேன். "அதுக்கு உட்கார வேணாம்டா. கையை வேலையில விட்டுட்டுக் காதை அங்க குடுத்தா போதும்"னுச்சு. இதை எந்த வரலாற்றுப் புத்தகத்துலயும் நான் படிச்சதில்ல.

சினிமாவுக்கு உட்கார்ந்தே ஆகணும். திருச்சியில ரயில்வே வேலையில இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட படம் காட்டுற கருவியை வாங்கி, ஊர் ஊரா டென்ட் அடிச்சுப் படம் காட்டினார். அந்த வழியில வந்ததுதான் டூரிங் டாக்கீஸ். நான் பையனா இருந்தப்போ நாங்க போனது பக்கத்து ஊர்க் கொட்டகைக்கு. மணலைக் குவிச்சு உட்கார்ந்தா தரை டிக்கெட். அப்புறம் பெஞ்ச், அப்புறம் சேர். பொம்பளைங்களுக்குத் தனிப் பக்கம். புரொஜெக்டர் ஒண்ணுதான், அதனால ரீல் மாத்துறப்பல்லாம் இடைவேளை. முறுக்கு, வேர்க்கடலை, கலர் சோடா. டென்ட்டுக்குள்ள இருட்டு வேணும், அதனால பொழுது சாய்ஞ்சாத்தான் ஆட்டம். ஐப்பசி மழையில கொட்டகை ஒழுகும், மூடிடுவாங்க. மார்கழியில மறுபடி ஆரம்பிச்சா, சீக்கிரமே இருட்டிடும், ஆட்டமும் சீக்கிரம். பனியில சாக்கைப் போத்திக்கிட்டு நடந்து போவோம்.

அம்மா படம் பார்க்கணும்னா அஞ்சு மணிக்குள்ள ராத்திரிச் சோறு ஆகியிருக்கணும். அதனால வருஷத்துக்கு ஒரு படமோ ரெண்டு படமோதான். அதுல ஒண்ணு மாயா பஜார். விஜயா நிறுவனத்துல நாகி ரெட்டியும் சக்ரபாணியும் எடுத்தது. 1957ல தமிழ், தெலுங்கு ரெண்டுலயும் வந்த படம். நாங்க பார்த்தது பல வருஷம் கழிச்சு, தேய்ஞ்சு போன பிரிண்ட். எங்களுக்கு அவங்க ரெண்டு பேரும் முன்னாடியே பழக்கம். 1947ல அம்புலிமாமாவைத் தொடங்கினதும் அவங்கதான். எங்க வீட்டுல அம்புலிமாமா, தெலுங்கு பேசுற எதிர்வீட்டுல சந்தமாமா. படம் ஒண்ணு, கதை ஒண்ணு, எழுத்து மட்டும் வேற. அவங்க புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தே கதை சொல்லிடுவேன்.

மாயா பஜார்ல கடோத்கஜனா வர்ற எஸ்.வி. ரங்காராவ் கல்யாண விருந்து மொத்தத்தையும் ஒத்த ஆளா சாப்பிடுற காட்சி வரும். கொட்டகையே சிரிச்சுது. நான் சிரிச்சுக்கிட்டே பொம்பளைங்க பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. வீட்டுக்குத் திரும்பி நடக்கிறப்போ மட்டும் கேட்டுச்சு, "அவ்வளவு சோத்தையும் யாருடா வடிச்சாங்க?" அப்ப அது எனக்கு ஜோக்கா தெரிஞ்சது.

நூலகம் வேற வழியில வந்துச்சு. 1931லயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்திக்கிட்டுக் கிராமம் கிராமமா போயிருக்காங்க. நாடு விடுதலை ஆனதும் 1948ல சென்னை மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்துச்சு. இன்னிக்கும் நீங்க கட்டுற சொத்து வரியோட நூலக வரியும் சேர்ந்துதான் போகுது. நான் பள்ளிக்கூடத்தோட படிப்பை நிறுத்தினவன். மிச்சப் படிப்பெல்லாம் நூலகத்துலதான். ஆனா அந்த பெஞ்சுல ஒரு பொம்பளை உட்கார்ந்து பேப்பர் படிச்சு நான் பார்த்ததில்ல. போகக்கூடாதுன்னு யாரும் எழுதிப் போடல. போக நேரமும் இல்ல, எழுத்தும் தெரியாது. 1991 மக்கள்தொகைக் கணக்குலகூட தமிழ்நாட்டுப் பெண்கள்ல நூத்துக்கு 51 பேர்தான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க.

அந்தத் தொண்ணூறுகள்லதான் அறிவொளி இயக்கம் மாவட்டம் மாவட்டமா நடந்துச்சு. ராத்திரி வேலை முடிஞ்ச பிறகு தெருவிளக்குக்குக் கீழயும் லாந்தர் வெளிச்சத்துலயும் வகுப்பு. அம்மாவுக்கு அப்போ நாப்பது வயசு தாண்டிடுச்சு. "இனிமே படிச்சு நான் என்ன கலெக்டர் ஆகப்போறேனா?"ன்னு சொல்லிக்கிட்டேதான் போச்சு. முதல்ல பஸ் போர்டைப் படிச்சது. அப்புறம் ரேஷன் கார்டுல தன் பேரை. அப்புறம் பேப்பர்ல பெரிய எழுத்துத் தலைப்பு.

டிவி கதை உங்களுக்குத் தெரியும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல வந்துச்சு. ஊருக்கு ஒரு வீட்டுல டிவி, ஞாயித்துக்கிழமை படத்துக்கு ஊரே அந்த வீட்டு வாசல்ல. 2006 செப்டம்பர் 15ல அரசு இலவச டிவி குடுக்க ஆரம்பிச்சது. 2011ல அதே செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள்ல, எங்க திருவள்ளூர் பக்கத்துல காக்களூர்லதான் மிக்சி, கிரைண்டர், ஃபேன் குடுக்கிற திட்டத்தைத் தொடங்கி வெச்சாங்க. ஒண்ணு ஒரு கட்சி ஆட்சி, இன்னொண்ணு இன்னொரு கட்சி ஆட்சி. இலவசம்னு நகரத்துல கிண்டல் பண்ணினவங்க நிறைய. எங்க வீட்டுல முதல்ல வந்தது டிவி. பார்க்க நேரம் வந்தது அஞ்சு வருஷம் கழிச்சு, கிரைண்டரோட. ஒரு படத்தை முதல் எழுத்துல இருந்து வணக்கம் வரைக்கும் அம்மா உட்கார்ந்து பார்த்தது அதுக்கப்புறம்தான்.

கடைசியா 2015. நவம்பர்ல இருந்து விடாத மழை. டிசம்பர் 1ஆம் தேதி சென்னை முழுகினது உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்க பக்கமும் ஏரியெல்லாம் ரொம்பி வழிஞ்சது, வயல் தண்ணிக்குள்ள. கரண்ட் இல்ல. டிவி இல்ல, போன்ல சார்ஜ் இல்ல. பரண்ல இருந்த பழைய அரிக்கேன் விளக்கைத் துடைச்சு ஏத்தினோம். எனக்குச் சும்மா இருக்க முடியல. கொஞ்ச நாள் முன்னாடி திருத்தணியில நடைபாதைக் கடையில வாங்கிப் போட்டிருந்த அல்லி அரசாணி மாலையை எடுத்தேன். தாத்தாவோட புத்தகம் எப்பவோ கரையான் தின்னு போச்சு.

"குடுடா, நான் படிக்கிறேன்"ன்னு அம்மா வாங்கிக்கிச்சு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, விரலை எழுத்து மேல வெச்சு, ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சது. தாத்தா போடுற அதே ராகம் நடுநடுவுல வந்துச்சு. நானும் பேரப் பசங்களும் சுத்தி உட்கார்ந்துக்கிட்டோம். ரெண்டு ராத்திரி ஆச்சு. ரெண்டாவது ராத்திரி, அர்ச்சுனன் பாம்பு வேஷத்துல அல்லியோட அறைக்குள்ள போய், அவ தூங்குறப்போ தாலி கட்டுற இடம் வந்துச்சு.

அம்மா நிறுத்திடுச்சு. மறுபடி ஒரு தடவை அந்த வரியைக் கூட்டிப் பார்த்துச்சு. "தூங்குறப்பவா?"ன்னு என்னைக் கேட்டுச்சு. ஆமான்னேன். புத்தகத்தை மூடிச்சு.

"நான் கேட்டிருந்த வரைக்குமே நல்லா இருந்துச்சு"ன்னுச்சு.

அந்த நேரம் அடுப்படியில இருந்து என் வீட்டுக்காரம்மா குரல். "அத்தை, ஏன் நிறுத்திட்டீங்க? அப்புறம் அல்லி என்ன ஆனா? கொஞ்சம் சத்தமா படிங்க, இங்க ஒண்ணும் காதுல விழல!"

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி அம்மா எங்க நின்னுச்சோ அதே இடத்துல இவ நின்னுக்கிட்டிருக்கா. நான் தாத்தா உட்கார்ந்த இடத்துல, விளக்குக்குப் பக்கத்துல. நடுவுல ரேடியோ, சினிமா, நூலகம், அறிவொளி, டிவி, கிரைண்டர் எல்லாம் வந்து போயிருக்கு. அம்மா உட்கார்ந்துடுச்சு. ஆனா அடுப்படியில நிக்கிற இடம் காலியாகல, ஆள் மட்டும் மாறியிருக்கு.

எழுந்து உள்ள போனேன். "நீ போய்க் கேளு, நான் கிளறுறேன்"ன்னு களிக்கட்டையை வாங்கினேன். அவ என்னை மேலயும் கீழயும் ஒரு தடவை பார்த்துட்டு, கையைத் துடைச்சுக்கிட்டே போய் அம்மா பக்கத்துல உட்கார்ந்தா. அம்மா புத்தகத்தைத் திறந்துச்சு, ஆனா விட்ட இடத்துல இருந்து இல்ல. முதல் பக்கத்துல இருந்து, அல்லி மதுரையை ஆளுற இடத்துல இருந்து படிக்க ஆரம்பிச்சது.

களி அன்னிக்குக் கட்டி கட்டியா வந்துச்சு. பசங்க மொச்சைக் குழம்பை மட்டும் நக்கிட்டுக் களியை ஓரம் தள்ளினாங்க. அம்மா மட்டும் ரெண்டு உருண்டை சாப்பிட்டுச்சு. "எங்க மாமனார் காலத்துல இப்படிக் கிளறியிருந்தா பானையைத் தூக்கி வாசல்ல போட்டிருப்பார்"ன்னு சொல்லிக்கிட்டே சாப்பிட்டுச்சு.

அதுக்கப்புறம் மழையும் பனியும் இருக்கிற மாசங்கள்ல வாரத்துக்கு ரெண்டு நாள் ராத்திரி அடுப்படி என் பொறுப்பு. இப்போ கட்டி விழுறதில்ல. சென்னை நண்பருக்கு ஒண்ணு சொல்லணும். போர்வை, புத்தகம், படம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அனுபவிங்க. அந்த பஜ்ஜியை யார் போட்டாங்கன்னு போன்ல நான் கேக்க மறந்துட்டேன்.